ஒரே பதவி, குறைந்த சம்பளம்: விடுப்பு எடுத்த ஆண்டின் ரேட்டிங்கைப் பாருங்கள்

வணக்கம் சகோதரி. உங்களோடு ஒன்றாகச் சேர்ந்த ஆண் நண்பர், அதே பதவியில், உங்களைவிட அதிகம் வாங்குவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நடுவில் மகப்பேறு விடுப்பு எடுத்ததாகவும் சொன்னீர்கள். எனக்குச் சந்தேகம் அந்த ஆண்டின் அப்ரைசல் (வேலையை மதிப்பிட்டு ரேட்டிங் போடுவது) மேல்தான். 26 வாரம் விடுப்பில் இருந்தவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடுத்தர ரேட்டிங் போடுவது ஐடியில் சகஜம்.

ரேட்டிங்கைப் பொறுத்துத்தான் சம்பள உயர்வு. ஒரு கணக்கு: இருவருக்கும் ஆண்டுக்கு 8 லட்சம். அந்த வருடம் அவருக்கு 12 சதவீதம் உயர்வு, உங்களுக்கு 5. வித்தியாசம் 56,000 ரூபாய். அப்புறம் மூன்று வருடம் இருவருக்கும் சமமாக 10 சதவீதம் கொடுத்தாலும் அது 74,500-ஐத் தாண்டிவிடும். யாரும் புதிதாக அநியாயம் செய்யவே வேண்டாம்.

இடைவெளிக்கு இரவு ஷிப்ட் அலவன்ஸ், ஆன்சைட் (வாடிக்கையாளர் இடத்துக்கே போய், பெரும்பாலும் வெளிநாட்டில், வேலை செய்வது) வாய்ப்பு இவையும் காரணம். குழந்தை இருக்கிறதே, இவர் எங்கே போவார் என்று மேலாளரே முடிவு செய்துவிடுவார் (கேட்டால் அக்கறை என்பார்). ஒரே தொழிலில் இருப்பவர்களிடையே முதல் குழந்தைக்குப் பிறகுதான் இடைவெளி பெரிதாகிறது என்பதை, 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினின் ஆய்வுகளும் காட்டுகின்றன.

ஹெச்ஆரிடம் பேசும்போது நண்பரின் பெயரை இழுக்காதீர்கள், பாவம். மெயிலில் இரண்டே கேள்வி: என் கிரேடின் சம்பள வரம்பில் நான் எங்கே இருக்கிறேன்? விடுப்பு ஆண்டின் ரேட்டிங் எந்தெந்த மாத வேலையை வைத்துப் போடப்பட்டது? ஒரே தன்மையுள்ள வேலைக்குப் பாலினம் பார்த்துச் சம்பளம் குறைக்கக் கூடாது என்பது 1976 முதலே சட்டம். இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. சட்டத்தை முதல் மெயிலிலேயே எடுக்க வேண்டாம். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்ததில் எழுதுங்கள்.