பங்கு வீடா, காரைக்குடி மனையா? ஓய்வுக்குப் பின் எங்கே குடியேறுவது?

கேள்வி: எனக்கு வயது 59. சென்னையில் வங்கி வேலை, அடுத்த மார்ச்சில் ஓய்வு. ஆத்தாவுக்கு 82 ஆகிறது. சர்க்கரை, முழங்கால் வலி. பையன் பெங்களூரில். கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் ஆறில் ஒரு பங்கு எங்களுக்கு. அதைச் சரிசெய்து குடியிருக்கலாமா, காரைக்குடியில் மனை வாங்கிக் கட்டலாமா, தேவகோட்டைதான் அமைதி என்கிறார்களே, அங்கே போகலாமா?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். பங்கு வீட்டைப் பூட்டிப்போடாமல் விசேஷத்துக்கும் படைப்புக்கும் (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) வைத்துக்கொள்ளுங்கள். மனை விஷயத்தை ஒரு ஐப்பசி மழையைப் பார்த்த பிறகு பேசலாம்.

பூர்வீக வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று ஆத்தாவுக்கு ஆசை இருந்தால் அது எனக்குப் புரிகிறது. ஆனால் நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் வைத்த நம் செட்டிநாட்டு வளவு வீடுகள் பெரிய குடும்பமும் வேலையாட்களும் நிறைந்திருந்த காலத்துக்குக் கட்டியவை. ஆண்கள் தொழிலுக்காகப் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்தபோதுகூட வீட்டில் ஆள் குறையவில்லை. இன்று மூன்று பேர் அங்கே இருப்பது வேறு கதை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆத்தா பாத்ரூம் போகவேண்டும் என்று வையுங்கள். வளவு அறையிலிருந்து கிளம்பி, முழங்கால் உயர நிலைப்படியைத் தாண்டி, பின்னால் உள்ள இரண்டாம் கட்டுப் பகுதியைக் கடந்து, கொல்லைப்புறம் வரை நடக்கவேண்டும். ஆத்தங்குடிக் கல் கண்ணுக்கு அழகு. ஈரம் பட்டால் வழுக்கும். அறையோடு ஒட்டிக் கழிப்பறை கட்டலாமே என்பீர்கள். சாக்கடைக் குழாயை எந்தப் பங்காளியின் பகுதி வழியாகக் கொண்டுபோவீர்கள்?

பங்கு வீட்டில் உண்மையான சிக்கல் அதுதான். உங்கள் அறைச் சாவி உங்களிடம் இருக்கும். முகப்பு, வளவு, கிணறு, கூரை எல்லாம் பொது. வளவு மூலையில் நாட்டு ஓடு உடைந்து ஒழுகினால் மாற்றும் செலவு யாருடையது? ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் போனையே எடுக்கமாட்டார். கொஞ்சமாவது செலவு செய்யப் போகிறீர்கள் என்றால் எல்லாப் பங்குதாரரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கோயில் திருவிழாவில் சந்தித்தபோது "செஞ்சுக்கங்க தம்பி" என்று சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

இன்னொரு சோதனை, காசு செலவில்லாதது. விசேஷம் ஏதும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போய், மாலை ஏழரைக்கு உங்கள் தெருவில் ஒரு நடை நடங்கள். எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, எத்தனையில் காவலாளி மட்டும் இருக்கிறார் என்று பாருங்கள். ஆத்தாவுக்குச் சர்க்கரை இறங்கிப்போனால் நீங்கள் கதவைத் தட்டப்போவது அந்த விளக்கு எரியும் வீட்டைத்தான்.

காரைக்குடியைச் சொல்லக் காரணம் நெருக்கடி நேரம்தான். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனைகள், ராத்திரியில் ஆட்டோ எல்லாம் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் மதுரையோ திருச்சியோ, எதுவானாலும் ஏறக்குறைய 90 கி.மீ. பையன் விமானத்தில் வந்து இறங்குவதும் அந்த இரண்டில் ஒன்றில்தான். சென்னைக்குப் பல்லவன் ரயில் காரைக்குடியிலிருந்தே கிளம்புகிறது. கானாடுகாத்தானில் செட்டிநாடு ஸ்டேஷன் இருக்கிறது, எல்லா வண்டியும் நிற்காது. தேவகோட்டை எனக்கும் பிடித்த ஊர். ஆனால் தேவகோட்டை ரோடு ஸ்டேஷனே ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, பெரிய காரியத்துக்கெல்லாம் மறுபடியும் காரைக்குடிதான் வரவேண்டும். அங்கே நெருங்கிய சொந்தம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இனி மனை. 2024ல் காரைக்குடி மாநகராட்சி ஆனதைச் சொல்லியே சுற்றுவட்டாரத்தில் விலை பேசுகிறார்கள். தரகர் உங்களைக் கூட்டிப்போவது மாசி, பங்குனியில். தரை கெட்டியாகச் சிவந்து கிடக்கும், கார் நேராக மனைக்குள் போகும். நம் சீமை பெரிய ஆறு இல்லாத மண். மழை நீரை வரத்துக்கால் வழியாக ஊருணிக்கும் கண்மாய்க்கும் கொண்டுபோய்த்தான் பிழைத்தது. அந்த வரத்துக்காலைத் தூர்த்துப் போட்ட மனை பங்குனியில் மற்ற மனை மாதிரியேதான் இருக்கும். கார்த்திகையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிவந்து உங்கள் போர்ட்டிகோவில் நிற்கும்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சர்வே எண்ணை வாங்கி, புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேடும் (எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு) எடுத்துப் பாருங்கள். மனையிலோ பக்கத்து எண்ணிலோ 'வாய்க்கால்', 'ஊருணி', 'கண்மாய்' புறம்போக்கு என்று இருந்தால் விலையே பேசவேண்டாம். பக்கத்தில் ஆடு மேய்ப்பவரிடம் "மழைக்காலத்துல தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?" என்று கேளுங்கள். தரகரைவிட நம்பகமான ஆள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அனுமதி உண்டா என்பதையும், தாய்ப் பத்திரத்தையும் (முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்) வக்கீல் பார்க்கட்டும். வில்லங்கச் சான்றை இணையத்தில் பார்த்தேன் என்று நிறுத்திவிடாதீர்கள். பழைய காலத்துப் பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

குடிதண்ணீரிலும் ஏமாறவேண்டாம். காரைக்குடி என்றால் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்து எந்த மனைப்பிரிவில் ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டாலும் இனிக்கும் என்று விற்கிறார்கள். அக்கம்பக்கத்து போர்த் தண்ணீரை ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சித்திரையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்றும் கேளுங்கள்.

வாடகை வீட்டுக்கு இப்போதே தேட ஆரம்பிக்கலாம். தரைத்தளம், படி குறைவு, படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூம், ஆம்புலன்ஸ் வாசல்வரை வரும் தெரு: இந்த நான்கும் இருந்தால் மற்றதில் விட்டுக்கொடுங்கள். ஆத்தாவுக்கு ஊர் ஞாபகம் வந்தால் கானாடுகாத்தான் காரில் அரை மணிதான். காலையில் கூட்டிப்போய், வளவில் உட்காரவைத்து, பலகாரம் சாப்பிட்டு, வெயில் தாழக் கிளம்பி வந்துவிடலாம்.