தாதியர் மாணவர்களும் மது, மாத்திரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தாதியர் கல்லூரி ஹாஸ்டல்களிலிருந்து வந்தவை. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

காலை 7 மணிக்கு ஷிப்ட். முந்தின இரவு நாலு கேன் பீர் குடித்தால் அதற்குள் தெளிந்துவிடுமா? (பட்டர்வொர்த்)

கடைசிக் கேனை எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று எழுதவில்லையே, அதுதானே முக்கியம்? ஒரு கேனில் ஏறத்தாழ 13 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7, 8 கிராம்தான் கழிக்கும். நாலு கேனுக்கு 7 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒல்லியான உடம்புக்கு இன்னும் கூடும். நள்ளிரவில் முடித்தவர் வார்டுக்குள் நுழையும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். கோப்பியோ குளியலோ இதை வேகப்படுத்தாது.

ரத்தம் சுத்தமான பிறகும் அன்று முழுக்கத் தலை கனக்கும், கவனம் சிதறும். மருந்துக் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் நோயாளிக்குப் போவது பத்து மடங்கு மருந்து. மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: 2020இலிருந்து மலேசியாவில் வண்டி ஓட்டுகிறவருக்கு எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால். மீறினால் முதல் முறைக்கே அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்கும், சிறையும் உண்டு.

நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க சீனியர் ஒரு வெள்ளை மாத்திரை தந்தார். போடலாமா? (கோலாலம்பூர்)

போடாதீர்கள். மருந்து அலமாரியில் பாதி வெள்ளை மாத்திரைதான், நான் எதையென்று சொல்வது? ஒரு நோயாளி உங்களிடம் இப்படிச் சொன்னால் பெயர் அச்சிட்ட மாத்திரைப் பட்டையைக் கொண்டுவரச் சொல்ல மாட்டீர்களா? பெயர் தெரியாத மாத்திரை வாய்க்குள் போகக் கூடாது. ஷிப்டுக்கு முன் இருட்டு அறையில் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். கோப்பியை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்திவிடுங்கள்.

அறைத்தோழி எரிமின் என்ற தூக்க மாத்திரையைப் போட்டுவிட்டு மேலே பீரும் குடிக்கிறாள். (கிள்ளான்)

தூக்க மாத்திரையும் மதுவும் சேரவே கூடாது. இரண்டும் மூளையை அடக்குபவை, மூச்சே நின்றுவிடலாம். குறட்டை விட்டுத் தூங்குகிறாள் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். எழுப்பியும் எழவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999ஐ அழையுங்கள். பட்டையை எடுத்து வையுங்கள், கேட்பார்கள்.

கெத்தும் வெறும் இலைதானே? எங்கள் தாத்தா தினமும் குடித்தார். (சுங்கை பட்டாணி)

அபினும் செடியிலிருந்து வருவதுதான். கெத்தும் இலையிலுள்ள மித்ராகைனின் என்ற பொருள், அபினிலிருந்து எடுக்கும் மோர்பின் போய்ச் சேரும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. தினமும் குடித்துவிட்டு நிறுத்தினால் உடம்பு வலி, மூக்கொழுகல், தூக்கமின்மை எல்லாம் வரும். 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தில் இது கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதமும் 4 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். இருமல் மருந்தோடு கலந்து குடிப்பது அதைவிட மோசம்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் போதைப்பொருள் சிறுநீர்ச் சோதனை பாசிட்டிவ். நிர்வாகம் பெட்டியைக் கட்டச் சொல்கிறது. சரியா? (பினாங்கு, விரிவுரையாளர்)

சரியில்லை. இதை வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன்.

முதலில், எந்தச் சோதனை? கல்லூரியில் சிறுநீரில் ஒரு துண்டை நனைத்துப் பார்த்த துண்டுச் சோதனையா, ஆய்வுக்கூடம் உறுதி செய்ததா? நீங்கள் எழுதவில்லை. சளி மருந்திலுள்ள சூடோஎபெட்ரின் துண்டுச் சோதனையில் ஆம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளாகக் காட்டக்கூடும். கோடீன் உள்ள இருமல் மருந்து மோர்பின் வகையாகத் தெரியும். கடைசி ஒரு வாரத்தில் என்னென்ன மருந்து எடுத்தாள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். அது வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

உறுதியானால் அன்றே வார்டு போஸ்டிங்கை நிறுத்துங்கள். நோயாளியின் பாதுகாப்பில் பேரம் கிடையாது. ஆனால் வார்டிலிருந்து விலக்குவது வேறு, கல்லூரியை விட்டே துரத்துவது வேறு. துரத்தப்பட்ட பிள்ளைக்குப் படிப்புக் கடன் தலையில் நிற்கும், கையில் சான்றிதழ் இருக்காது, வீட்டில் வாய் திறக்க முடியாது. பழக்கம் மட்டும் கூடவே போகும்.

ஹாஸ்டலில் மிச்சமிருப்பவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மாட்டிக்கொள்ளாமல் செய். அப்படி மறைத்தே படித்து முடித்தவள் தாதியர் வாரியத்தில் பதிந்துகொண்டு வேலைக்கு வருவாள். ஒருநாள் டிடிஏ அலமாரிச் சாவி, அதாவது மோர்பின் போன்ற அபாயகர மருந்துகளைப் பூட்டி வைக்கும் அலமாரியின் சாவி, அவள் கைக்கு வரும். 10 மில்லிகிராம் மோர்பின் ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி), நோயாளிக்கு வேண்டியது 5. மீதியைச் சாட்சிக்கு முன்னால் கொட்டிவிட்டு இரண்டு பேர் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை நெருக்கடியில் அந்தச் சாட்சி மீதியைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆக, மீதியை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்ள முடிகிற அந்த இடத்தில்தான் மறைக்கப் பழகியவள் நிற்பாள். இன்றைக்குத் துரத்துகிற கல்லூரி நாளைய நோயாளியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் என் வயிற்றெரிச்சல்.

படிப்பைத் தள்ளிவைக்க அனுமதியுங்கள். சிகிச்சைக்கு அனுப்புங்கள். தானே போய்ச் சிகிச்சை கேட்க, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஏஏடிகே என்ற தேசியப் போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனம் உண்டு, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவும் உண்டு. திரும்பி வர என்னென்ன நிபந்தனை, எத்தனை மாதத்துக்கு ஒரு சோதனை என்பதை எழுத்தில் கொடுங்கள். பேசுவதற்கு ஒரே ஒரு விரிவுரையாளரை நியமியுங்கள், ஐந்து பேர் சேர்ந்து விசாரிக்க வேண்டாம்.

அப்புறம், யாரும் மாட்டும்வரை காத்திருக்காதீர்கள். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தந்த ஆடிட் (AUDIT) கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். ஒவ்வொரு பேட்சுக்கும் ஆண்டுத் தொடக்கத்தில் கொடுங்கள். 8 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். தண்டனை வராது என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் உண்மையை எழுதுவார்கள்.

மகள் ஹாஸ்டலில் தினமும் குடிக்கிறாளாம். வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு சொட்டுகூடக் கிடைக்காமல் அறையில் பூட்டிவிட்டேன். (ஈப்போ)

கதவைத் திறங்கள் அம்மா, இன்றே. எவ்வளவு குடித்தாள், எத்தனை மாதமாக என்று நீங்கள் எழுதவில்லை. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுங்கும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும், தயாமின் என்ற வைட்டமின் பி1உம் தேவைப்படும். அவளுக்கோ உங்களுக்கோ மனம் விட்டுப் பேச வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 தொலைபேசி எண் இருக்கிறது.

மலிவு மது குடித்தால் கண் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? (பிறை)

மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்திருந்தால் போகலாம், உயிரும் போகலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் பலர் அப்படித்தான் இறந்தார்கள். குடித்த உடனே ஒன்றும் தெரியாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்து வயிற்று வலி, வாந்தி வரும், பார்வை மங்கும். ஹேங்ஓவர் என்று படுத்துவிடாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.