டயர் அளவை மாற்றப் போகிறீர்களா?

2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. 14 அங்குல இரும்பு வீலை மாற்றி 15 அங்குல அலாய் போடலாமா? எந்த டயர் சரி?

தாராளமாகப் போடலாம். உங்கள் வண்டியில் இருப்பது 165/80 ஆர்14. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. மேலும் கீழுமாக 264. ஆர்14 என்பது 14 அங்குல ரிம்; அதன் 355.6 மி.மீ.யையும் கூட்டினால் மொத்த விட்டம் 619.6. இதே கணக்கை 185/65 ஆர்15-க்குப் போட்டால் 621.5 வரும். இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. இதே காரின் விலை கூடிய மாடலில் கம்பெனியே இந்த அளவைத்தான் கொடுத்தது. வேறெதையும் தேடி அலையாதீர்கள்.

"195/65 போடுங்க, ரோடு கிரிப் அள்ளும்" என்கிறார் டயர் கடைக்காரர்.

வேண்டாம். அதன் விட்டம் 634.5 மி.மீ., சுமார் 15 மி.மீ. அதிகம். ஸ்பீடோமீட்டர் அதே வேகத்தைக் காட்டும்போது வண்டி முன்பைவிட 2.4 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். பிக்கப்பும் மந்தமாகும். ஆள் நிரம்பிய வண்டியில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வேகத்தடையில் ஏறினால், உள்பக்க பிளாஸ்டிக் லைனரில் டயர் உரசவும் கூடும்.

பழைய அலாய் செட் ஒன்று கிடைக்கிறது. நாலு நட்டும் சரியாக உட்காருகிறது. வாங்கலாமா?

நட்டு உட்கார்ந்தால் மட்டும் போதாது. வீலின் நடுத்துளை உங்கள் காரின் ஹப்பைவிட (வீல் மாட்டும் நடுப்பகுதி) பெரிதாக இருந்தால், இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். அடுத்து ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு. பெரும்பாலும் வீலின் உள்பக்கம் 'ET' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் அந்த எண் இருக்கும். அது உங்கள் பழைய வீலைவிட ரொம்பக் குறைந்தால் வீல் வெளியே துருத்தும், பேரிங்குக்கும் பாரம் கூடும். அப்புறம், வெல்டிங் வைத்த தடம் தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இப்போதைக்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். முன்னாலா, பின்னாலா?

பின்னால். முன்வீல் இழுக்கும் கார் என்பதால் பலரும் முன்னால் போடுகிறார்கள். மழைத்தண்ணீரில் முன்டயர் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டுச் சமாளித்துவிடலாம். பின்டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். ஆனால் முன்னால் போகும் பழைய டயரில் பட்டன் (தரையில் படும் வரிகளின் ஆழம்) 1.6 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், நான்கையும் மாற்றுங்கள்.

டயர் பழைய ஸ்டாக்கா என்று எப்படிப் பார்ப்பது?

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம் செய்தது. பில் போடும் முன் பாருங்கள்.