ஏஎம்ஹெச் 0.9 என்றால் இனி வழியே இல்லையா?

கேள்வி: வயது 31. கல்யாணமாகி எட்டு மாதம். நாகர்கோவிலில் எடுத்த பரிசோதனையில் ஏஎம்ஹெச் 0.9 என்று வந்திருக்கிறது. “முட்டை தீர்ந்து போச்சு, உடனே ஐவிஎஃப் (டெஸ்ட் ட்யூப் பேபி சிகிச்சை) பண்ணு” என்கிறார் நாத்தனார். ராத்திரி தூக்கமே இல்லை. (வாசகி, தக்கலை)

முதலில் இன்று ராத்திரி தூங்குங்கள். ஏஎம்ஹெச் என்பது சினைப்பையில் உள்ள சின்னச் சின்ன முட்டைப்பைகளில் சுரக்கும் ஹார்மோன். இருப்பில் முட்டை அதிகமா, குறைவா என்று மட்டும்தான் அது காட்டும். அந்த முட்டை நல்லதா என்று சொல்லாது. முட்டையின் தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. 31 வயதில் 0.9 உள்ளவரும் 42 வயதில் 3 உள்ளவரும் என் முன்னால் வந்து உட்கார்ந்தால், எனக்கு முதலாமவரிடம்தான் நம்பிக்கை அதிகம்.

குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத, 30 முதல் 44 வயதுப் பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள்.

சரி, அப்படியானால் 0.9-ஐ மறந்துவிடலாமா? கூடாது. உங்கள் வயதுக்கு அது குறைவுதான். ஐவிஎஃப் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதை இந்த எண் ஓரளவு நன்றாகவே சொல்லும். அதனால் குழந்தையை வருடக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்திருந்தால் எண் குறைத்துக் காட்டும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாதவிடாயின் 2 அல்லது 3-ம் நாளில் ஸ்கேன் எடுத்து முட்டைப்பைகளை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் கணவரின் விந்துப் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. பெண்ணுக்கு ஒரு ஃபைல் நிறைய ரிப்போர்ட், ஆணுக்கு ஒன்றுகூட இல்லாமல் வரும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை. அதை முதலில் எடுங்கள்.

கேள்வி: கணவர் ஆழ்கடல் மீன்பிடிக்குப் போனால் கரைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலாகும். எனக்கு 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய். 21-ம் நாள் எடுத்த புரொஜெஸ்டிரோன் (முட்டை வெடித்த பின் ஏறும் ஹார்மோன்) மிகக் குறைவு. முட்டையே வெடிக்கவில்லை என்கிறார்கள். (வாசகி, தூத்தூர்)

21-ம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கான கணக்கு. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னால் எடுக்க வேண்டிய பரிசோதனை அது. உங்களுக்கு 28-ம் நாள் வாக்கில் எடுக்க வேண்டும். 3 ng/mL-க்கு மேல் வந்தால் முட்டை வெடித்தது உறுதி. உங்களுக்கு முட்டை வெடிப்பதே 21-ம் நாளை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு முந்தைய ஐந்தாறு நாட்களில் அவர் கரையில் இருப்பதுதான் முக்கியம். அவருக்கு விந்துப் பரிசோதனை என்றால், வந்து இறங்கிய அன்றே வேண்டாம். கடைசியாக விந்து வெளியேறியதற்கும் பரிசோதனைக்கும் இடைவெளி 2 முதல் 7 நாட்களுக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: பிசிஓஎஸ் (சினைப்பையில் சின்ன முட்டைப்பைகள் நிறையச் சேரும் ஹார்மோன் கோளாறு) உண்டு, ஏஎம்ஹெச் 9. முட்டை நிறைய என்றால் ஐவிஎஃப் கட்டாயம் ஜெயிக்குமா? (வாசகி, குலசேகரம்)

கட்டாயம் என்று சொல்ல முடியாது. முட்டை நிறைய இருப்பதால் ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கிவிடலாம், அதனால் உங்களுக்கு ஊசியின் அளவில்தான் கவனம் வேண்டும். எஸ்ட்ரடியால் (வளரும் முட்டைப்பைகளில் சுரக்கும் ஹார்மோன்) வேகமாக ஏறினால் மருந்தைக் குறைப்பார்கள், அல்லது கருவை உறைய வைத்துப் பிறகு வைப்பார்கள். செலவு இழுக்கிறதே என்று கோபப்படாதீர்கள், அது உங்கள் பாதுகாப்புக்கு. முட்டை எடுத்த பின் வயிறு உப்பி, எடை மளமளவென்று ஏறி, சிறுநீர் குறைந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: முட்டை எடுத்த ஐந்தாம் நாளே கரு வைத்தார்கள். அதன் நாலாம் நாள் வீட்டு டெஸ்டில் இரண்டு கோடு. இன்று ஏழாம் நாள், இரண்டாவது கோடு மங்கிவிட்டது. கலைந்துவிட்டதா? (வாசகி, மார்த்தாண்டம்)

இரண்டு அட்டைகளையும் ட்யூப்லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பீர்கள், தெரியும். வீட்டு டெஸ்டில் கோடு காட்டுவது ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன். முட்டை எடுப்பதற்கு முன் அதே ஹெச்சிஜி ஊசி போட்டிருந்தால், அது பத்துப் பதினாலு நாள் உடம்பில் தங்கும். முதல் கோடு அந்த ஊசியுடையதாக இருக்கலாம். இதை வைத்துக் கலைந்தது என்றும் சொல்ல முடியாது, நின்றது என்றும் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு நாளில் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனை எடுங்கள். பாசிட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து அதே லேபில் மறுபடியும். நல்ல கர்ப்பத்தில் அதற்குள் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதுவரை புரொஜெஸ்டிரோன் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.