கணித மூலை: "அடுத்து என்ன மிஸ்?" என்று வந்து நிற்கும் பிள்ளைகள்

வகுப்பை நாலு குழுவாப் பிரிச்சு, நீங்க ஒரு குழுவோட உட்காரும்போது மத்த குழுக்கள் தாங்களே கணக்குப் பழகுற இடம்தான் கணித மூலை. அங்க புதுப் பாடத்தை வைக்காதீங்க. எல்லாரும் சேர்ந்து ஆடிப் பழகின விளையாட்டை மட்டும் வையுங்க. நீங்க ஒரு குழுவோட உட்கார்ந்ததும் மத்த மூணு குழுவும் எழுந்து வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு தெரியாததில்ல, விதி புரியாததுதான்.

ஒருநாள் சோதிச்சுப் பாருங்க. நாலு மூலையிலும் முன்னாடியே எல்லாரும் ஆடிப் பழகின ஒரே ஆட்டம்: ரெண்டு பகடையை உருட்டி, கூட்டி, 2 முதல் 12 வரை எழுதின அட்டையில அந்த எண்ணை மூடணும். நீங்க எங்கேயும் உட்காராம சுத்தி வாங்க. யாரும் உங்களைத் தேடி வரலைன்னா, இதுவரை இருந்த சிக்கல் விதி புரியாததுலதான். (7 அடிக்கடி விழுறதை அவங்களே கண்டுபிடிக்கட்டும், சொல்லிடாதீங்க. பகடைக்கு அடியில துணி விரிங்க, சத்தம் தாங்காது.)

ஆனா ஆட்டம் ஓடுதுங்கிறதால கூட்டல் வந்துடுச்சுன்னு நம்பாதீங்க. கெட்டிக்காரப் பிள்ளை ஒண்ணே எல்லாத்தையும் கூட்டிச் சொல்லும். ஆளுக்கொரு தாள்ல எழுதச் சொல்லி வாங்கிப் பாருங்க.