சாவி யாரிடம் இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

நதிப் பாதுகாப்பு அமைப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ இல்லை. கூட்டம், கணக்கு, கையெழுத்து, தலைவருக்கும் இயக்குநருக்கும் நடக்கும் இழுபறி, இவற்றைப் பற்றித்தான் எழுதியிருந்தீர்கள். ஒன்பது வருடம் ஒரு சிறிய அமைப்பின் செயற்குழுவில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

கேள்வி: ஓர் ஆற்றுப்படுகை முழுவதற்கும் வேலை செய்கிறோம். செயற்குழுவில் 11 பேர், சம்பளத்துக்கு ஓர் இயக்குநர், அவருக்குக் கீழே நான்கு ஊழியர்கள். செயற்குழு எதில் தலையிடலாம், எதில் கூடாது? ஒவ்வொரு கூட்டத்திலும் இதே தகராறு.

எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது, யாரிடம் பணம் வாங்குவது, இந்த வருடம் எவ்வளவு செலவழிப்பது, யார் மீது வழக்குப் போடுவது, இயக்குநராக யாரை வைப்பது, இதெல்லாம் செயற்குழுவின் வேலை. எந்த நாற்றை எந்தக் கரையில் நடுவது, அறிக்கையை யாரிடம் அச்சுக்குக் கொடுப்பது, எந்த ஊழியர் எந்த நாளில் களத்துக்குப் போவது, இதெல்லாம் இயக்குநருடையது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் நான் இருந்த குழுவில், ஒரு கூட்டத்தில் தன்னார்வலர்களின் டிஷர்ட் நிறத்துக்கு முக்கால் மணி நேரம் போனது. வருட பட்ஜெட் பத்து நிமிடத்தில் நிறைவேறியது. டிஷர்ட்டைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது, பட்ஜெட் தாளை முன்கூட்டியே படித்துவிட்டு வந்தவர்கள் இரண்டு பேர்தான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். செயற்குழுவுக்கு அதிகாரம் இருப்பது கூடி உட்கார்ந்து தீர்மானம் போடும்போது மட்டும்தான். கூட்டம் முடிந்து எழுந்துவிட்டால் தனி உறுப்பினருக்கு அதிகாரம் கிடையாது. ஓர் உறுப்பினர் களப் பணியாளருக்கு நேரடியாகப் போன் செய்து "நாளைக்கு அந்த மதகைப் போய்ப் பார்த்துவிடு" என்றால், அந்தப் பெண் யார் பேச்சைக் கேட்பாள்? இயக்குநருக்கு எஜமான் ஒருவர்தான் இருக்க வேண்டும், அது செயற்குழு என்ற மொத்தம். 11 பேரும் தனித்தனியே எஜமான் ஆனால் நல்ல இயக்குநர் ஒரு வருடத்தில் வேலையை விட்டுப் போய்விடுவார், நீங்களும் "நல்ல ஆள் கிடைப்பதில்லை" என்று வருத்தப்படுவீர்கள்.

சம்பளத்துக்கு ஆளே இல்லாத சின்ன அமைப்பு என்றால் கதை வேறு. அங்கே தலைவரே குப்பை பொறுக்குவார், செயலாளரே பரிசோதனைக்குத் தண்ணீர் எடுப்பார். சரி, எடுக்கட்டும். ஆனால் கரையில் இறங்கிய பிறகு அவரும் ஒரு தன்னார்வலர்தான், அன்றைய ஒருங்கிணைப்பாளர் 20 வயதுப் பையனாக இருந்தாலும் அவன் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் நிறுவனர் 20 வருடமாகத் தலைவராக இருக்கிறார். அவர் இல்லாமல் இந்த அமைப்பே இல்லை. பதவிக்காலத்துக்கு வரம்பு வைக்கலாம் என்று நாங்கள் சிலர் சொன்னதும் நன்றி கெட்டவர்கள் என்று பேச்சு வந்துவிட்டது. நாங்கள் செய்தது தவறா?

தவறே இல்லை. ஆனால் சொன்ன விதம் அவரைப் புண்படுத்தியிருக்கலாம், அதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன் இளமையை ஒரு சதுப்பு நிலத்துக்குக் கொடுத்த மனிதரிடம் "உங்கள் காலம் முடிந்தது" என்ற தொனியில் பேசக் கூடாது.

கலிஃபோர்னியாவில் 1892இல் தொடங்கிய சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கதை இதற்கு உதவும். அதன் முதல் தலைவர் ஜான் மியூர் 1914இல் சாகும்வரை, 22 வருடம், தலைவராகவே இருந்தார். அவர் போன பிறகும் அமைப்பு நின்றது. தொடக்கத்திலிருந்தே அதற்கு விதிகளும் இயக்குநர் குழுவும் (நம் செயற்குழு மாதிரி) இருந்தன. 1952இல் டேவிட் பிரௌவர் சம்பளத்துக்கு வந்த முதல் நிர்வாக இயக்குநர் ஆனார். சில ஆயிரமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை அவர் காலத்தில் எழுபதாயிரத்தைத் தொட்டது. கிராண்ட் கேன்யன் பகுதியில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து 1966 ஜூனில் முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரம் கொடுத்தார். மறுநாளே அமெரிக்க வருமான வரித்துறையிடமிருந்து கடிதம் வந்தது, நன்கொடைக்கான வரிச்சலுகை பறிபோனது. ஆனால் அந்த அணைகள் கட்டப்படவே இல்லை. இன்று அந்தப் பள்ளத்தாக்கு முழுசாக இருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

அதே மனிதர்தான் குழுவின் ஒப்புதல் இல்லாமல் செலவு செய்தார். டயாப்லோ கேன்யனில் அணுமின் நிலையம் வருவதை எதிர்ப்பதில்லை என்று குழு எடுத்த முடிவுக்கு எதிராக வெளியே பேசினார். 1969இல் விஷயம் உறுப்பினர்களின் வாக்குக்குப் போனது. அவருடைய அணி தோற்றது, அவர் பதவி விலகினார். எதிர்த்து நின்றவர்களில் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸும் ஒருவர், நெடுநாள் நண்பர். அணுமின் நிலையத்தைப் பற்றி பிரௌவர் நினைத்தது சரி என்றே நானும் நினைக்கிறேன். இருந்தாலும் குழு தீர்மானித்ததை இயக்குநர் வெளியே போய் மறுத்துப் பேசினால் அப்புறம் குழு எதற்கு? உள்ளே சண்டை போடலாம், வாக்கில் தோற்றால் அடுத்த கூட்டத்தில் மறுபடி கொண்டுவரலாம், மனசாட்சி ஒப்பவில்லை என்றால் விலகிவிட்டுப் பேசலாம். அவர் விலகிய அதே வருடம் பிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த் அமைப்பைத் தொடங்கினார். 1980களில் சியரா கிளப் உறுப்பினர்களே அவரை வாக்களித்து இயக்குநர் குழுவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விதி இருந்ததால்தான் சண்டை போடவும் ஓர் இடம் இருந்தது, திரும்பி வரவும் ஒரு வழி இருந்தது.

என் சொந்த அனுபவமும் ஒன்று சொல்கிறேன். நான் இருந்த அமைப்பின் நிறுவனருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போய் இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். பீரோ சாவி அவர் வீட்டில், எந்தச் சட்டைப் பையில் என்று அவர் மனைவிக்கும் தெரியவில்லை. பீரோவுக்குள்தான் கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகம், காசோலைப் புத்தகம், பத்து வருடத் தண்ணீர்ப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம். வங்கியில் அவர் கையெழுத்து மட்டும்தான் செல்லும். மூன்று ஊழியர்களுக்குச் சம்பளம் போடமுடியவில்லை. ஒரு பெண் தன் வளையலை அடகு வைத்தாள். அவர் கெட்டவர் இல்லை, எல்லாவற்றையும் தானே சுமந்தால்தான் மற்றவர்களுக்குப் பாரம் குறையும் என்று நினைத்த நல்லவர். குணமாகி வந்ததும் முதல் வேலையாக அவரே இரண்டாவது சாவி செய்து கொடுத்தார்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். மூன்று வருடம் ஒரு பதவிக்காலம், தொடர்ச்சியாக இரண்டு தடவைக்கு மேல் இல்லை என்று பலரும் வைக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் இறங்காதபடி வருடம் மூன்றில் ஒரு பங்கு பேர் மாறலாம். இந்த விதியை நிறுவனரே முன்மொழியட்டும், கணக்கும் இன்றிலிருந்து தொடங்கட்டும். பழைய 20 வருடத்தைக் கிளற வேண்டாம். அவருக்கு வாக்கில்லாத ஆலோசகர் இடம் கொடுங்கள். ஆனால் புதுத் தலைவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் "அய்யா என்ன சொல்றார்" என்று கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ஆற்றில் கழிவு விடுவதாக நாங்களே புகார் சொன்ன ஓர் ஆலை இப்போது நன்கொடை தர முன்வருகிறது. எங்கள் செயற்குழுவில் ஒருவர் அந்த ஆலைக்கு ஆலோசகர். வாங்கலாமா?

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது, தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் அந்த உறுப்பினர். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் இந்த விஷயம் வந்தால் தனக்கு அங்கே தொடர்பு இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டும். உள்ளே பேசாமல் உட்கார்ந்திருப்பது போதாது, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் எதிர்த்துப் பேசுவார்கள்? அவர் வெளியேறியது, திரும்பி வந்தது, இரண்டும் மினிட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு வருடமும் எல்லா உறுப்பினர்களும் தங்கள் தொழில், நிலம், குடும்பத்தாரின் வியாபாரம் இவற்றில் எது அமைப்பின் வேலையோடு உரசும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்ல பழக்கம். பெரிய அமைப்புகளே இதில் சறுக்கியிருக்கின்றன. நிலத்தை வாங்கிப் பாதுகாக்கும் அமெரிக்க அமைப்பான நேச்சர் கன்சர்வன்சி தனக்கு நெருக்கமானவர்களோடு செய்துகொண்ட நில விற்பனைகளைப் பற்றி வாஷிங்டன் போஸ்ட் 2003இல் தொடராக எழுதியது. அதற்குப் பிறகுதான் அப்படிப்பட்ட பேரங்களுக்கு அந்த அமைப்பு தடை போட்டது.

அடுத்து பணம். என்னைக் கேட்டால் வாங்காதீர்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது வாங்கினால், நாளை தண்ணீர்ப் பரிசோதனையில் நல்ல முடிவு வந்தாலும் கரையோரத்து மக்கள் நம்ப மாட்டார்கள். உங்களைப் போன்ற அமைப்புக்கு உள்ள ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான். யாரிடம் வாங்குவோம், யாரிடம் வாங்க மாட்டோம் என்ற கொள்கையை, எதிரில் காசோலை நீட்டப்படாத ஒரு நாளில் உட்கார்ந்து எழுதி வையுங்கள்.

கேள்வி: வருடம் ஒரு தடவை ஆடிட்டர் பார்க்கிறார். அது போதாதா?

போதாது. ஆடிட்டர் பார்ப்பது நடந்து முடிந்ததை. கிரீன்பீஸின் சர்வதேசத் தலைமையகத்தில் ஓர் ஊழியர் தன் அதிகார வரம்பைத் தாண்டி அந்நியச் செலாவணி ஒப்பந்தங்கள் போட்டதில் 38 லட்சம் யூரோ நஷ்டம் என்று 2014இல் வெளிவந்தது. அவர் சொந்த லாபத்துக்காகச் செய்யவில்லை என்றுதான் அமைப்பே சொன்னது. அப்படியும் போனது ஆதரவாளர்கள் கொடுத்த பணம். பெரிய தொகைக்கு இரண்டு கையெழுத்து வையுங்கள். வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். வங்கி அறிக்கை, காசோலை எழுதாத ஒருவர் கைக்கு மாதாமாதம் நேராகப் போகட்டும். கன்று நடக் கொடுத்த பணத்தை எடுத்துச் சம்பளம் போட்டுவிட்டு "அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்" என்பது நான் பார்த்த அளவில் எல்லா இடத்திலும் நடக்கிறது, அது தவறு. சம்பளத்துக்கு என்றே மூன்று மாதச் செலவாவது கையிருப்பு இருந்தால் அந்த ஆசையே வராது.

கேள்வி: 600 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். செயற்குழுவை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறார்கள் சிலர், குழுவே தன் அடுத்த ஆட்களைத் தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார்கள் சிலர். எது நல்லது?

இரண்டு முறையும் உலகத்தில் இருக்கிறது. குழுவே தேர்ந்தெடுத்தால் கணக்குத் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர் என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்கலாம். ஆனால் பத்து வருடத்தில் எல்லோரும் ஒரே வட்டத்து நண்பர்களாகிவிடுவார்கள். நான் உறுப்பினர் வாக்கின் பக்கம். சியரா கிளப்பின் இயக்குநர் குழுவில் 15 பேர், வருடத்துக்கு ஐந்து பேரை உறுப்பினர்கள் மூன்று வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2004இல் குடியேற்றக் கட்டுப்பாட்டை முன்வைத்த ஓர் அணி குழுவைப் பிடிக்கப் பார்த்தபோது உறுப்பினர்கள் திரண்டு வந்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். வாக்கு கொடுத்தால் யாராவது கைப்பற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் அந்த வருடத்தைப் பார்க்கலாம். போட்டியிட ஒரு வருடமாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் இன்னும் பாதுகாப்பு.

நீங்கள் ஒரு படுகை முழுவதற்கும் பேசுகிறவர்கள் என்றால் இதையும் பாருங்கள். வெறும் தலைக் கணக்கில் வாக்கு எடுத்தால் நகரத்தில் இருப்பவர்களே எல்லா இடத்தையும் நிரப்புவார்கள். மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும், முகத்துவாரத்தில் மீன் பிடிப்பவருக்கும் ஒரே ஆற்றைப் பற்றி வேறு வேறு கவலை. மேல், நடு, கடை என்று பிரித்து இடம் ஒதுக்குங்கள். கூட்டத்தையும் ஒரே ஊரில் வைக்காமல் சுற்றிச் சுற்றி வையுங்கள். வலை உலர்த்துகிற நேரம், நடவு நேரம் பார்த்துத் தேதி போடுங்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. ஓர் அமைப்பின் செயற்குழுவில் சேரக் கூப்பிடுகிறார்கள். சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

பைலா, அதாவது அமைப்பின் விதிகள், ஒரு பிரதி, கடைசி மூன்று கூட்டங்களின் மினிட், கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கு, இவற்றைக் கேட்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து படி, தம்பி. மினிட்டில் ஒருவராவது எதற்காவது எதிர்த்து வாக்களித்ததாக எழுதியிருக்கிறதா என்று பார். எல்லாமே "ஏகமனதாக" என்று இருந்தால், அங்கே இருக்கும் ஓர் உறுப்பினரிடம் தனியாகப் பேசிப் பார். இயக்குநரையும் ஒரு தடவை களத்தில் போய்ப் பார்த்துவிட்டு வா. அப்புறம் அந்த பீரோவுக்கு எத்தனை சாவி, யார் யாரிடம் இருக்கிறது என்று கேள். கேட்கக் கூச்சப்படாதே.