குப்புறப் பறக்கிற ஆள் லூப்பில ஏன் மல்லாருறார்?

கேள்வி: என்ட மகன் ஃபோன்ல ஒரு வீடியோ காட்டினான், ஆக்கள் குப்புறப் படுத்துப் பறக்கிற மாதிரிப் போற ரோலர் கோஸ்டர். ஆனா தலைகீழாச் சுத்தி வாற லூப் வந்தோடன எல்லாரும் மல்லாந்து கிடக்கிறாங்க. அப்பிடியே குப்புறப் போக ஏலாதா?
– ஒரு தாய், கல்லடி

பதில்: மகன் நல்லாக் கவனிச்சிருக்கிறார் அம்மா, ஃபிளையிங் கோஸ்டர்ட சூட்சுமமே அந்த இடத்திலதான் இருக்கு. கிணத்தடியில வாளிக்குள்ள கொஞ்சம் தண்ணி விட்டுச் சுழட்டிப் பாருங்க, தலைக்கு மேல போகக்குள்ளயும் கொட்டாது, கீழ வரக்குள்ள கைப்பிடி விரலை வெட்டுற மாதிரி இழுக்கும். தண்ணி எப்பவும் வட்டத்துக்கு வெளிப்பக்கமாத்தான் அமுங்கும், லூப்புக்குள்ள போற ஆளும் அந்தத் தண்ணி மாதிரித்தான். தண்டவாளத்துக்குக் கீழ குப்புறத் தொங்கிறவர் சாதாரண லூப்பில மேல வளைஞ்சு ஏறினா வயித்துப்பக்கம் வெளியால வரும், அமுக்கம் முழுக்க நெஞ்சில விழும். வெறும் பாயில குப்புறக் கிடந்தாலே கொஞ்ச நேரத்தில நெஞ்சு இறுகுது, நிறை மூண்டு மடங்கானா மூச்செடுக்க ஏலுமா?

அதால லூப்பையே கவிழ்த்துட்டாங்க. உயரத்தில இருந்து தலை முன்னால கீழ பாய்ஞ்சு உள்ளுக்கு மடங்கி, அடிக்கு வரக்குள்ள வானத்தைப் பார்த்துக் கிடப்பீங்க, அமுக்கத்தை முதுகும் சீட்டும் தாங்கும், திரும்ப மேல ஏறி முடியக்குள்ள பழையபடி குப்புற. இதுதான் பிரெட்சல் லூப், பிரெட்சல் எண்டுறது முடிச்சுப் போட்ட ஒருவகைப் பணிஸ், தண்டவாளமும் தூரத்தில அப்பிடித்தான் தெரியும். முதல்ல வந்தது 2002ல அமெரிக்காவில ஜோர்ஜியாவில, சூப்பர்மேன் எண்ட கோஸ்டர்ல. 2006ல கலிஃபோர்னியாவில திறந்த டாட்சு எண்ட கோஸ்டர்ல அந்த லூப் மட்டும் 38 மீட்டர் அளவு உயரம்.

அதுக்கு முதலே 2000த்தில வெகோமா கம்பனி ஸ்டெல்த் எண்டு ஒண்டு செஞ்சது, அதில ஆக்களை மல்லாத்தி மேல கொண்டு போய், பிறகு குப்புறத் திருப்பி, லூப்புக்கு முதல் திரும்ப மல்லாத்தி, சாதாரண லூப்பிலயே விட்டாங்க. அதுவும் சரிதான், ஆனா எனக்கு பிரெட்சல்தான் கெட்டித்தனமாப் படுது, ஆளைத் தனியாத் திருப்பத் தேவையில்ல, வளைவே திருப்பி விடுது.

கேள்வி: தொங்கிற ஆள் விழமாட்டாரா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: முதல்ல கால் தொங்கப்போட்டு நேரா இருந்துதான் ஏறுவீங்க, நெஞ்சுக்கு மேலால கவசம் மாதிரி ஒண்டு வந்து பூட்டும், கணுக்காலையும் பிடிச்சுக்கொள்ளும், அதுக்குப் பிறகுதான் சீட்டைத் தூக்கிக் குப்புறக் கிடத்துவாங்க. பூட்டு விழாம அது நகராது. ஆனா நெஞ்சு வருத்தக்காரரும் கர்ப்பிணித் தாய்மாரும் தயவு செஞ்சு ஏற வேணாம்.

கேள்வி: லூப் ஏன் சரியான வட்டமா இல்ல?
– சம்மாந்துறை மாணவி

பதில்: முதல்ல வட்டமாத்தான் போட்டாங்க தங்கச்சி, 1895ல நியூயோர்க் கோனி ஐலண்டில வந்ததில ஏறினவங்களுக்குக் கழுத்து நொந்து போச்சு. சரியான வட்டத்தில, உச்சியில மட்டுமட்டா விழாம போற வேகம் எண்டாலே அடியில உங்கட நிறை 6 மடங்காத் தெரியும், கணக்குப் போட்டுப் பாருங்க, உராய்வை விட்டா அந்த 6 தான் வரும். அதால அடியில அகலமாவும் உச்சியில ஒடுக்கமாவும் தண்ணித்துளி வடிவத்தில வளைச்சாங்க, வேகம் கூடின இடத்தில வளைவு ஆறுதலா இருக்கும். 1976ல கலிஃபோர்னியாவில ரெவல்யூஷன் கோஸ்டர்ல வேர்னர் ஸ்டெங்கல் எண்ட ஜேர்மன் எஞ்சினியர் போட்ட லூப் அந்த வடிவந்தான்.